கைராசிக்காரன்

2024 ஜனவரி 13, சனிக்கிழமை. மறுநாள் போகி. அன்று பொழுது சாய்வதற்குள் பதினாலு ஸ்ட்ராபெரிக் கன்றுகளைப் பதினோரு பேருக்குக் கொடுத்து முடித்தேன். பத்துப் பேர் கன்றுக்கு ஐம்பது ரூபாய் வீதம் கொடுத்து வாங்கினார்கள். ஒருவருக்கு மட்டும் மூன்று கன்று, காசு வாங்காமல். அந்தக் கன்றுகளில் நோய் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். ‘இருக்கலாம்’ என்று எழுதும்போதே பழைய புத்தி எட்டிப் பார்க்கிறது. தாய்ச்செடிக்கு நோய் இருந்தது. ஆறு நாள் முன்பு என் கையாலேயே அறுத்துப் பார்த்தேன். கன்றுகளை மட்டும் அறுக்கவில்லை. அறுத்தால் தெரிந்துபோய்விடும் அல்லவா.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். பத்தொன்பது வருஷ சர்வீஸ். சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். வெளியே மினுமினுவென்று இருக்கும் காஸ்டிங்கின் உள்ளே காற்றுக்குமிழ் உட்கார்ந்திருக்கும். புளோ ஹோல் என்போம். கண்ணுக்குத் தெரியாது. வெட்டிப் பார்க்க வேண்டும். ஒரு துண்டில் ஓட்டை வந்தால், அதே உலையிலிருந்து அதே வேளை ஊற்றிய அத்தனையையும் நிறுத்திவைப்போம். புரொடக்‌ஷன்காரர்கள் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், “லாரி வெளியில நிக்குது சார்” என்பார்கள். நான் அசைய மாட்டேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் நிறைய கர்வமும் உண்டு. இதைச் சொல்லக் காரணம், பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்குச் சலுகை தரக் கூடாது.

மீஞ்சூரில் இருந்துகொண்டு ஸ்ட்ராபெரி எதற்கு என்று என் மனைவி முதல் நாளே கேட்டாள். நியாயமான கேள்வி. கொடைக்கானல், ஊட்டிக் குளிரில் வளர்கிற செடி அது. நம் நாட்டு ஸ்ட்ராபெரியில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் மலையிலிருந்து வருகிறது; 2010ல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. நமக்கோ ஒரு பக்கம் அத்திப்பட்டு அனல்மின் நிலையம், இன்னொரு பக்கம் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள், வருஷத்தில் எட்டு மாதம் வியர்வை. ஆனாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நம் மாடிகளில் அது பிழைக்கும். 2022 நவம்பரில் மலையிலிருந்து ஆறு கன்று வரவழைத்தேன். பொங்கல் கழிந்து முதல் பழம். சுண்டுவிரல் நுனி அளவு, புளியங்காயோடு போட்டி போடும் புளிப்பு. படமெடுத்து எங்கள் ரயில் கோஷ்டியின் வாட்ஸ்அப்பில் போட்டேன். புளிப்பு படத்தில் தெரியாது.

அன்றிலிருந்து நான் கைராசிக்காரன். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் இடம் விடுவார்கள். “அண்ணன் கை வச்சா கல்லும் முளைக்கும்” என்று பொன்னேரியில் ஏறுகிற ஒரு தம்பி சொல்வான். கேட்கக் கூச்சமாக இருக்கும். ஒருநாள் சொல்லாவிட்டால் ஏதோ குறைந்த மாதிரியும் இருக்கும். செடி நன்றாக வந்தால் நம் கை. போனால் வெயில், தண்ணி, கண்ணேறு. இந்தக் கணக்கை நான் கேள்வி கேட்டதே இல்லை. அந்த மே மாதம் இரண்டு செடி போனபோது அக்னி நட்சத்திரம் என்றேன். மீதி நான்கும் பச்சை வலைக்குக் கீழே பிழைத்து, கொடி ஓடி, கணுவுக்குக் கணு குட்டி விட்டன. குட்டிகளைப் பக்கத்துப் பைகளில் பதியன் போட்டேன். தீபாவளிக்குள் பதினாலு தேறின. பொங்கலுக்குத் தருகிறேன் என்று குரூப்பில் அறிவித்தேன். பெயர்ப் பட்டியல் நிரம்ப ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல் மழை. வடசென்னையிலும் பொன்னேரி வட்டத்திலும் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு நாளை விவரிக்கத் தேவையில்லை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை. மாடியில் தண்ணீர் போகும் குழாய் வாயைச் சருகு அடைத்துக்கொண்டது. நான் மேலே போய்ப் பார்த்தபோது குரோ பேக்குகள் எல்லாம் கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தன. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு தாய்ச்செடி மத்தியானத்தில் தலை சாய்ந்தது. சாயங்காலம் நிமிர்ந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நிமிரவில்லை. நடுவில் இருக்கும் இளந்தளிர்கள்தான் முதலில் தொங்கின. பச்சை போய் ஒரு நீலம் கலந்த சாம்பல் நிறம். சுற்றியிருந்த முதிர்ந்த இலைகள் ஒன்றும் நடக்காதது போல நின்றன.

நான் உப்பு என்றேன்.

மீஞ்சூரில் எதற்கும் உப்பைச் சொல்லலாம், ஊரே தலையாட்டும். அது பொய்யும் இல்லை. கொசஸ்தலையாற்றுக்கும் ஆரணியாற்றுக்கும் நடுவே நம் காலடியில் இருந்த நல்ல தண்ணீரைப் பாசனத்துக்கும் சென்னைக் குடிநீருக்குமாக ஆழ்குழாய் போட்டு இறைத்தார்கள். இறைத்த இடத்துக்குக் கடல் வந்தது. 1960களின் கடைசியிலேயே வல்லுநர்கள் இதைக் குறித்திருக்கிறார்கள். இறைத்துத் தீர்த்த ஊருக்குப் பக்கத்திலேயே, காட்டுப்பள்ளியில், 2010ல் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது. அந்தத் தண்ணீரும் சென்னைக்கு. எங்கள் போர் தண்ணீரில் சோறு வடித்தால் உப்புப் போட வேண்டாம் என்பது பழைய ஜோக். ஸ்ட்ராபெரியோ உப்பைத் துளியும் பொறுக்காத பயிர். ஆகவே என் சாக்குக்கு வரலாறும் விஞ்ஞானமும் துணை இருந்தன.

ஆனால் உப்பின் கைவரிசை வேறு. முதிர்ந்த இலையின் ஓரத்தில் ஆரம்பித்து, அடுப்பில் காட்டிய காகிதம் போலக் கருகிக்கொண்டே உள்ளே வரும். என் செடியில் ஓரம் கருகவே இல்லை, நடுத்தளிர் துவண்டது. எதிர்எதிர் அடையாளங்கள். வருஷக்கணக்கில் குறைபாட்டின் வடிவத்தை வைத்துக் காரணத்தைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன், அன்று பார்த்துக்கொண்டே நின்றேன். உப்பைக் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, காலையும் மாலையும் பை நிரம்பி வழிய ஊற்றினேன்.

அந்த நோய்க்கு இதைவிட உபகாரம் யாரும் செய்ய முடியாது. கிரௌன் அழுகல் என்கிறார்கள். ஸ்ட்ராபெரிக்குத் தண்டு என்று உயரமாக ஒன்றும் கிடையாது. இலைக்காம்புகள் எல்லாம் வந்து கூடுகிற, மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கிற, கட்டைவிரல் அளவு முண்டு ஒன்று உண்டு. அதுதான் கிரௌன். கீழே வேர், மேலே தளிர், நடுவில் இது. இது அழுகினால் வேர் உறிஞ்சும் தண்ணீர் தளிருக்குப் போகாது. பை முழுக்க ஈரம் இருக்கும், செடி தாகத்தில் சாகும். நாம் தாகத்தைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றுவோம்.

அழுக வைக்கிறவர்களில் முக்கியமானது பைட்டாப்தோரா காக்டோரம் என்கிற நுண்ணுயிர். 1845ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சம் கொண்டுவந்ததே, அதன் பங்காளி. நம் ஊரில் தென்னைக்குக் குருத்தழுகலையும் வெற்றிலைக் கொடிக்காலுக்கு வாடலையும் கொண்டுவருவதும் அதே குடும்பம்தான். பார்வைக்குப் பூஞ்சை போல இருந்தாலும் பூஞ்சை இனமே இல்லை. பாசிக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். அதன் வித்துகளுக்கு வாலிருக்கிறது, ஈர மண்ணில் நீந்தும். தேங்கிய தண்ணீர் அதற்குப் பெருவழிச்சாலை. இன்னொரு வகை வித்து உறை தடித்து மண்ணிலேயே வருஷக்கணக்கில் காத்திருக்கும்.

பூஞ்சை இல்லை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. செடி வாடுகிறது என்று எந்த மருந்துக் கடையில் போய் நின்றாலும் கார்பென்டசிம் பாக்கெட்டை எடுத்து வைப்பார்கள். நானும் வாங்கிக் கரைத்து ஊற்றினேன். பைட்டாப்தோரா அதை லட்சியம் செய்யாது. மெட்டலாக்சில், போசெட்டில் அலுமினியம் வகையறாக்கள் வேறு. அவைகூட ஆரம்பத்தில் தடுக்குமே தவிர, அழுகிப்போன முண்டை எழுப்பாது. டிரைக்கோடெர்மாவும் அப்படியே. எருவில் கலந்து முன்கூட்டியே மண்ணில் போட்டால் காவல். செத்த பிறகு போட்டால் பால் ஊற்றுகிற மாதிரி.

2024 ஜனவரி 7, ஞாயிறு ராத்திரி. அதற்குள் இரண்டு தாய்ச்செடி முடிந்து, மூன்றாவது துவண்டிருந்தது. மனைவி தூங்கிய பிறகு மாடிக்குப் போனேன். செடியைப் பிடித்து லேசாக இழுத்தேன். வேர் மண்ணிலேயே நின்றுவிட்டது, முண்டு பாதியில் ஒடிந்து தலை மட்டும் கையோடு வந்தது. மீதியைத் தோண்டியெடுத்து, காய்கறிக் கத்தியால் மேலிருந்து கீழாக நெடுக்கில் பிளந்தேன். நல்ல செடியின் முண்டு உள்ளே முற்றாத தேங்காய்ப் பருப்பு போல வெள்ளையாக இருக்கும். இது மேல்பாதி முழுக்கச் செம்பழுப்பு, நாள்பட்ட ஆப்பிள் துண்டு மாதிரி.

டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு வந்த முதல் எண்ணத்தை அப்படியே எழுதுகிறேன்: நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே இரண்டு நாள் வெள்ளம். பதினாலு கன்றும் அதே உலையில் ஊற்றியவை. ஆலையில் இருந்திருந்தால் அந்த நிமிஷமே நிறுத்தியிருப்பேன். நம் மாவட்டத்திலேயே திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. செடியைப் பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டியிருக்கலாம். ஒருநாள் லீவு போதும். போகவில்லை. பிளந்த முண்டைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியின் அடியில் போட்டேன். அந்தக் கத்தியைக் கழுவாமலே மறுநாள் கன்றுகளின் காய்ந்த இலைகளைக் கத்தரித்துப் பளிச்சென்று ஆக்கினேன். இதை வாசிக்கிற தோட்டக்காரர்களுக்கு இந்த ஒரு வரி போதும், என்னை என்ன செய்யலாம் என்று தோன்றும்.

ஐநூற்றைம்பது ரூபாய்க்காக இல்லை. பட்டியல் போட்டாகிவிட்டது, பெயர் போய்விடும், அதுதான். கன்றுகள் அப்போது கொழுகொழுவென்று இருந்தன. இந்த நோய் உள்ளே குடியிருந்தபடியே வெளியே பல வாரம் காட்டிக்கொள்ளாமல் இருக்கும். மலை நாற்றுப் பண்ணைகளிலிருந்து ஊர் ஊராக அது பயணம் போவது அப்படித்தான். என் ஆறு கன்றோடு அது வந்ததா, என் மண்ணில் இருந்ததா, சொல்லத் தெரியவில்லை. பதினோரு வீட்டுக்கு அதைச் சுமந்துபோனது யார் என்பதில் மட்டும் குழப்பமில்லை.

மாசி பிறப்பதற்குள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். “அண்ணே, செடி தலை தொங்குது.” எனக்குப் பதில் தயாராக இருந்தது: “போர் தண்ணி ஊத்துனியா?” மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் போர் தண்ணீர் ஊற்றாதவர் யார்? ஊற்றினேன் என்பார்கள். “அதான்” என்பேன். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையால் பத்துப் பேரின் தலையில் குற்றத்தை இறக்கி வைத்துவிட்டு, ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து கவரைப்பேட்டை வயல்களைப் பார்த்துக்கொண்டு போனேன். பொன்னேரித் தம்பி மன்னிப்புக்கூடக் கேட்டான், “நீங்க ஆசையா குடுத்ததைக் காப்பாத்த முடியல அண்ணே” என்று.

பதினோராவது ஆள் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் பெரியம்மா. உறவில்லை, தெருவே அப்படித்தான் கூப்பிடும். கணவர் போன பிறகு தனியாக இருக்கிறார். திண்ணை ஓரத்தில் கனகாம்பரம், டிசம்பர் பூ, கற்பூரவல்லி, ஒரு பெரிய தொட்டியில் குண்டுமல்லி. மூன்று கன்றும் அவருக்குத்தான் கொடுத்தேன், பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார். மூன்றும் பத்து நாள் இடைவெளியில் போயின.

நான் போனபோது காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: “என் கைல எதுவும் வெளங்கல தம்பி. அவரு இருந்தவரைக்கும் குச்சிய நட்டாலும் தழைக்கும். அவரு போனாரு, கைராசியும் போயிடுச்சு.”

வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. ‘பெரியம்மா, உங்க கை இல்ல, என் செடி’ என்று ஆறு சொல். காபி ஆறும்வரை நேரம் இருந்தது. நான் ‘உச்’ கொட்டினேன். அதோடு நிற்கவில்லை. “இந்த மல்லிய நீ எடுத்துட்டுப் போயிடு. உன் கைல இருந்தாலாவது பொழைக்கும்” என்று குண்டுமல்லித் தொட்டியைக் காட்டினார். கணவர் வைத்த செடி. வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த மல்லி என் மாடியில் அபாரமாகப் பூத்தது. அதைவிடக் கேவலமாக என்னை எதுவும் உணரவைத்ததில்லை. என் மனைவி ஆசையாகத் தொடுத்து வைத்துக்கொள்வாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

2024 நவம்பரில் மறுபடி நான்கு கன்று வாங்கினேன், விடாத ஆசை. இந்த முறை மூளையைத் தொழிற்சாலையில் விட்டுவிட்டு வரவில்லை. புது மண், புதுப் பை. பழைய மண்ணை மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினேன், வேறு செடிக்குக் கலக்கவில்லை. வந்த கன்றுகளை ஒரு மாதம் தனியாக, மாடியின் வேறு மூலையில் வைத்தேன். நடும்போது முண்டைப் புதைக்கக் கூடாது; மண் மட்டம் அதன் பாதி உயரத்தில் நிற்க வேண்டும். முதல் தடவை செடி ஆடுகிறதே என்று கழுத்து மூட மண் அணைத்திருந்தேன், தக்காளிக்குச் செய்கிற மாதிரி. பைக்கு அடியில் இரண்டு செங்கல், பக்கத்தில் கூடுதலாக நான்கு ஓட்டை, தட்டு கிடையாது. கேன் தண்ணீர்தான், ஆனால் விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், காலையில், செடியின் தலையில் படாமல்.

தையில் ஒன்று தலை சாய்ந்தது. அன்றைக்கே பிடுங்கி அறுத்தேன். உள்ளே வெள்ளையும் செம்பழுப்புமாகச் சலவைக்கல் கோடு போல இருந்தது. அது பைட்டாப்தோரா இல்லை, கொல்லெட்டோட்ரைக்கம் என்கிற அசல் பூஞ்சையின் கையெழுத்து என்று படித்திருக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும். முதிர்ந்த இலை முதலில் காய்ந்து, நடுத்தளிர் மட்டும் பச்சையாக நின்றால் அது மூன்றாவது ஆள், மேக்ரோபோமினா. நம் ஊர் வேர்க்கடலைக்கும் உளுந்துக்கும் வேரழுகல் கொண்டுவருகிற அதே பூஞ்சை, வெயிலும் வறட்சியும் பிடித்தவன். எவனாக இருந்தாலும் மாடியில் வளர்க்கிறவனுக்கு வேலை ஒன்றுதான்: செடியையும் மண்ணையும் பையோடு கட்டி எறி, கத்தியை ஸ்பிரிட்டில் துடை, பக்கத்துச் செடிகளிலிருந்து குட்டி எடுத்து யாருக்கும் கொடுக்காதே. முழுசாகப் பத்து நிமிஷ வேலை. மீதி மூன்றும் காய்த்தன. படமெடுக்கவில்லை.

2025 ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். கத்தி, டார்ச், குப்பைத்தொட்டி, ‘அதான்’, எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப இதுல ஒண்ணும் இல்லியா?”

“ஒண்ணும் இல்ல பெரியம்மா.”

“ஒன்ற வருஷமா பூச்செடி பக்கமே போகாம இருக்கேன். தெனம் இந்தத் தெரு வழியாத்தான போற வர?”

பதில் இல்லை. தொட்டியைத் திண்ணையில் வைக்கச் சொன்னார், வைத்தேன். அன்று காபி கொடுக்கவில்லை. இன்றுவரை கொடுக்கவில்லை. கனகாம்பரம் மட்டும் மறுபடி வைத்திருக்கிறார், போகும்போது பார்க்கிறேன்.

ரயில் கோஷ்டியில் எட்டுப் பேரிடம் நேரில் சொல்லிப் பணத்தைத் திருப்பினேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் வாங்க மறுத்தார், பொன்னேரித் தம்பி வாங்கிக்கொண்டு பெட்டி மாறி உட்கார ஆரம்பித்துவிட்டான். இரண்டு பேரைப் பிடிக்க முடியவில்லை. ஒருவர் அனுப்பம்பட்டில் ஏறுவார், கண்ணாடி போட்டவர், ஒரு கன்று வாங்கினார். இன்னொருவர் அத்திப்பட்டுப் புதுநகர் பக்கம், இரண்டு வாங்கினார். இருவரும் இப்போது அந்த வண்டியில் வருவதில்லை, நம்பரும் மாறிவிட்டது. இதைப் படித்தால் உங்களுக்குத் தெரியும், நான் யாரென்று. செடி செத்தது உங்கள் தண்ணீரால் இல்லை. அந்தப் பை இன்னும் மாடியில் கிடந்தால், அந்த மண்ணில் எதையும் நடாதீர்கள், மூட்டை கட்டிப் போட்டுவிடுங்கள். உங்களுக்குத் தர வேண்டிய நூற்றைம்பது ரூபாய் என் சட்டைப்பையில் தனியாக இருக்கிறது.